கோடு இருக்கிறது, கிருமி இருக்கிறதா? கிருஷ்ணகிரியில் ஒரு ஃபால்சிபாரம் மலேரியா: நிகழ்வு ஆய்வு

நோயாளி 34 வயது ஆண். பர்கூர் பக்கத்துக் கிராமம். கிரானைட் குவாரியில் ஹிட்டாச்சி ஓட்டுபவர். உள்ளூரில் வேலை குறைந்ததால் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒடிசாவின் தெற்கு மலைப்பகுதியில் சாலை வேலைக்குப் போய் மூன்று மாதம் இருந்தவர். திரும்பி வரும்போது ரயிலிலேயே குளிர் எடுத்திருக்கிறது. ஜோலார்பேட்டையில் இறங்கும்போது நிற்க முடியவில்லை என்றார் கூட வந்த மச்சான். ஊரையும் சில விவரங்களையும் ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் அப்படியே.

வீட்டில் முதல் மூன்று நாளும் டெங்கு என்றே நினைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ரத்த அறிக்கையில் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டால் வேறு பேச்சே கிடையாது. அம்மா பப்பாளி இலைச் சாறு கொடுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு இடத்தில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ். ஒடிசா போய் வந்தவர் என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் மிச்சம். காய்ச்சலோடு வருபவரிடம் "சமீபத்துல எந்த ஊருக்குப் போனீங்க?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும். ஒசூர் தொழிற்பேட்டைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் வருவதும், நம் ஆட்கள் அங்கே போவதுமாக இருக்கும் மாவட்டத்தில் இது கூடுதலாகவே பொருந்தும்.

எங்களிடம் வந்த அன்று காய்ச்சல் 103.4 டிகிரி, நாடித்துடிப்பு 118, லேசான மண்ணீரல் வீக்கம். நினைவு தெளிவு, சிறுநீர் சரி, கிரியேட்டினின் இயல்பு, ஹீமோகுளோபின் 11.8 கிராம், பிளேட்லெட் 58,000. கண்ணாடித் தகட்டில் பூசிய மெல்லிய ரத்தத் தடவலை ஜெய்ம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்ததும் விவகாரம் முடிந்துவிட்டது. சிவப்பணுக்கள் அளவில் பருக்கவில்லை. உள்ளே மெலிந்த நீல வளையங்கள், சிலவற்றில் ஒரே அணுவுக்குள் இரண்டு வளையம், சில வளையங்களில் இரண்டு சிவப்புப் புள்ளி, சில அணுவின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம், மலேரியாக் கிருமிகளில் ஒரு வகை. ஆயிரம் சிவப்பணுவுக்குப் பதினான்கில் கிருமி. கார்டு டெஸ்ட்டிலும் (துளி ரத்தம் விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்க்கும் உடனடிப் பரிசோதனை) கட்டுப்பாட்டுக் கோட்டோடு மற்ற இரண்டு கோடும் விழுந்தன. ஒன்று ஃபால்சிபாரத்துக்கே உரிய எச்.ஆர்.பி.-2 என்ற புரதத்துக்கானது. மற்றது எல்லா மலேரியாக் கிருமிகளும் உண்டாக்கும் பி.எல்.டி.எச். நொதிக்கானது.

கடுமையான மலேரியாவுக்கான அறிகுறி எதுவும் இல்லை, வாந்தியும் இல்லை. வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டுதல்படி ஆர்ட்டிசுனேட் தினம் 200 மில்லிகிராம் மூன்று நாள், முதல் நாளே சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின், இரண்டாம் நாள் பிரைமாக்குயின் 45 மில்லிகிராம் ஒரே தடவை. மாத்திரை தொடங்கிய நாளையே இங்கே முதல் நாளாகக் கணக்கிடுகிறேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, தடவலில் வளையங்களும் இல்லை. ஏழாம் நாள் கட்டித் தடவலில் (ரத்தத்தைத் தடிமனாகப் பூசியது) ஒரே ஒரு பிறை வடிவ காமிட்டோசைட் தென்பட்டது. அது கொசுவுக்குப் போகக் காத்திருக்கும் பாலின வடிவம். நோயாளிக்குக் காய்ச்சல் தராது. பிரைமாக்குயின் போட்ட பிறகும் சில நாள் கண்ணில் படும். பதினான்காம் நாள் தடவலில் அதுவும் இல்லை. இதுவரை பாடப்புத்தகம்.

பதினேழாம் நாள்

ஒப்பந்தக்காரர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை ஒரு நிபந்தனை: "மலேரியா நெகட்டிவ்" என்று சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்காக நோயாளி வேறு ஊரில் ஒரு லேபுக்குப் போயிருக்கிறார். போனபோதே உடம்பு சூடு, தலைவலி, மூன்று நாளாக அசதி. அவர்கள் கார்டு போட்டார்கள். ஃபால்சிபாரம் கோடு பளிச்சென்று விழுந்தது. தடவல் பார்க்கவில்லை. "மாத்திரை வேலை செய்யல, கிருமி ரத்தத்துலயே இருக்கு, உடனே ஊசி போடணும்" என்று சொல்லி, ஆர்ட்டிசுனேட் ஊசிக்கு ஒரு தொகையும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கார்டையே பாலித்தீன் உறையில் போட்டு எடுத்து வந்தார்.

"சார், நீங்க போயிடுச்சுன்னு சொன்னீங்க. கோடு இருக்குதே?"

நியாயமான கேள்வி. கார்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். எச்.ஆர்.பி.-2 கோடு இருந்தது, பி.எல்.டி.எச். கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமை. காய்ச்சல் 101. இப்போது நம் முன்னால் மூன்று வழி. மருந்துக்கு மசியாத கிருமி திரும்பத் தலையெடுத்திருக்கலாம். செத்த கிருமியின் புரதம் மட்டும் மிஞ்சியிருக்க, காய்ச்சல் வேறொன்றால் வந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முதலாவது என்றால் மருந்தை மாற்ற வேண்டும். இரண்டாவது என்றால் அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் சீக்கிரம்.

கார்டு எதை அளக்கிறது?

கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு 52 அடி. பேப்பரில் "நீர்மட்டம் 50 அடி" என்று மட்டும் போட்டால் ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று யாருக்கும் தெரியாது. மழை நின்று ஒரு மாதமாகி, ஷட்டரை மூடி வைத்திருந்தாலும் 50 அடிதான். மேலே நந்தி மலையிலிருந்து வெள்ளம் வந்து, வந்ததெல்லாம் திறந்துவிடப்பட்டாலும் 50 அடிதான். அதனால்தான் செய்திக்காரர்கள் நீர்வரத்து, வெளியேற்றம் என்று இரண்டு எண்ணைத் தனியாகப் போடுகிறார்கள். கார்டு டெஸ்ட் சொல்வது நீர்மட்டத்தை மட்டும். அதுவும் அடிக்கணக்கில் இல்லை, தண்ணீர் இருக்கிறது அல்லது இல்லை என்ற அளவில்.

எச்.ஆர்.பி.-2 என்பது ஃபால்சிபாரம் சிவப்பணுவுக்குள் இருந்தபடி உண்டாக்கி, தன் உடம்புக்கு வெளியே அந்த அணுவுக்குள்ளும், அணு வெடிக்கும்போது ரத்தத்துக்குள்ளும் கொட்டும் புரதம். அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஹிஸ்டிடின். ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் கார்டில் உள்ள எதிரணுக்கள் (ஆன்டிபாடி) ஒரே மூலக்கூறைப் பல இடத்தில் பற்றிக்கொள்ளும். கார்டு இத்தனை நுட்பமாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் கொட்டிய பிறகு அந்தப் புரதத்தின் மேல் கிருமிக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதை அகற்றுவது நம் உடம்பின் வேலை, நம் உடம்பு அதை மெதுவாகவே செய்கிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 3.7 நாள் என்பது கடுமையான மலேரியா ஆய்வுகளில் பயன்படும் மதிப்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிருமி எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டது, அன்று மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம் இருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 17 நாளில் நாலரை அரை ஆயுளுக்குச் சற்று மேல். 24இல் ஒரு பங்கு மிச்சம், அதாவது 40 நானோகிராம் சொச்சம். நல்ல கார்டுகள் சில நானோகிராம் இருந்தாலே கோடு காட்டிவிடும். ஆயிரம் ஒன்றாகக் குறைய பத்து அரை ஆயுள் வேண்டும். ஐந்து வாரம். ஆக, ஒரு கிருமிகூட உயிரோடு இல்லாத ரத்தத்திலும் ஒரு மாதம் வரை கோடு விழுவதில் அதிசயம் எதுவும் இல்லை. எச்.ஆர்.பி.-2 கார்டைச் சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதன் அடிப்படை இவ்வளவுதான். கார்டு உறைக்குள் வரும் தாளிலும் பொடி எழுத்தில் இது இருக்கும். யார் படிக்கிறார்கள்.

ஆர்ட்டிசுனேட் போட்டவர்களுக்கு இன்னொரு சங்கதி சேர்கிறது. இந்த மருந்து இளம் வளையக் கட்டத்திலேயே கிருமியைக் கொன்றுவிடும். மண்ணீரல் வழியாக அந்தச் சிவப்பணு போகும்போது, அணுவை உடைக்காமல் செத்த கிருமியை மட்டும் பிதுக்கி எடுத்துவிட்டு அணுவைத் திரும்ப ரத்தத்துக்கு அனுப்புகிறது மண்ணீரல். கிருமி போய்விடுகிறது, அது கொட்டி வைத்த எச்.ஆர்.பி.-2 அந்த அணுவிலேயே தங்கிவிடுகிறது. அப்படி ஒருமுறை கிருமி இருந்து போன அணுக்கள் உயிரோடு சுற்றும் வரை அந்தப் புரதமும் சுற்றும். அவை சாதாரண அணுக்களைவிடச் சீக்கிரம் சாகும். கிருமி நிறைய இருந்து ஊசி ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் திடீரென ரத்தசோகை வருவதற்கும் இவையே காரணம். நம் நோயாளியின் ஹீமோகுளோபின் பதினேழாம் நாள் 10.9. கவலைப்படும் அளவு சரிவு இல்லை. ஆனால் தேவையில்லாமல் ஊசி போட்டிருந்தால் அவரைக் கண்காணிக்க வேண்டிய காரணங்களில் இதுவும் சேர்ந்திருக்கும்.

பி.எல்.டி.எச். கதை வேறு. அது கிருமி சர்க்கரையை எரிக்கப் பயன்படுத்தும் நொதி. கிருமியின் உடம்புக்குள்ளேயே இருக்கும், கிருமி போன சில நாள்களில் ரத்தத்திலிருந்து மறையும். ஆகவே ஒரே கார்டில் எச்.ஆர்.பி.-2 இருந்து பி.எல்.டி.எச். இல்லாமல் இருப்பது "செத்துப்போன கிருமி" என்ற பக்கம் தராசைச் சாய்க்கிறது. சாய்க்க மட்டுமே செய்கிறது. பி.எல்.டி.எச். கோடு விழ மைக்ரோலிட்டருக்கு நூறு, இருநூறு கிருமியாவது வேண்டும். அதற்குக் கீழே கிருமி திரும்பத் துளிர்க்கத் தொடங்கியிருந்தால் அந்தக் கோடு நமக்குக் காட்டாது.

புரதம் பிறந்து சாகும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

இந்த இடத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வர வேண்டும். நம் கேள்வியை ஆய்வுக்கூடத்தில் நேராகவே கேட்க முடியும்: இந்தக் கிருமி இப்போது புதிதாகப் புரதம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறதா, பழையதை எந்த வேகத்தில் உடைக்கிறது?

உடம்பில் உள்ள புரதம் கட்டி முடித்த வீடு போல அப்படியே நிற்பதில்லை, ஓயாமல் உடைந்து ஓயாமல் உருவாகிறது என்பதை 1930களில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் காட்டினார். கனமான நைட்ரஜன் ஏற்றிய அமினோ அமிலத்தை எலிகளுக்குத் தீனியில் கொடுத்தார். எடை கூடாத, வளர்ந்த எலிகளிலும் அது திசுப் புரதங்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மட்டம் மாறவில்லை, உள்ளே போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. இன்றைய முறைகள் எல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள். கதிரியக்கம் இல்லாத கனமான ஐசோடோப் (அதே தனிமத்தின் எடை கூடிய அணு) ஏற்றிய அமினோ அமிலத்தைக் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் கொடுப்பது, சில மணிக்கொருமுறை மாதிரி எடுப்பது, ட்ரிப்சின் நொதியால் புரதங்களை வெட்டுவது, மூலக்கூறின் எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பழைய துண்டுக்கும் புதிய துண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது.

சாதாரணமாக இதற்கு லைசினையும் ஆர்ஜினினையும் பயன்படுத்துவார்கள். ட்ரிப்சின் அந்த இரண்டின் பக்கத்தில்தான் வெட்டும் என்பதால் ஏறக்குறைய எல்லாத் துண்டிலும் அடையாளம் இருக்கும். மலேரியாக் கிருமியிடம் இது சரிப்படாது. அது சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்று, அதிலிருந்து லைசினும் மற்றவையும் தானே எடுத்துக்கொள்கிறது. நாம் வெளியே கனமான லைசின் கொடுத்தாலும், உள்ளே ஹீமோகுளோபினிலிருந்து வரும் லேசான லைசின் அதை நீர்த்துப்போக வைத்துவிடும். அது தின்னும் அளவும் அப்படி. உடைக்கும் ஹீமோகுளோபினிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் தனக்குப் பயன்படுத்துகிறது, மீதியை வெளியே தள்ளிவிடுகிறது.

இங்கே இயற்கை ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலம், பீட்டா சங்கிலியில் 146. இரண்டிலும் ஐசோலியூசின் ஒன்றுகூடக் கிடையாது. கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் உண்டு, நம்முடையதில் இல்லை. ஆகவே ஃபால்சிபாரம் ஐசோலியூசினுக்கு மட்டும் வெளியே கை நீட்டியே ஆக வேண்டும். ஊடகத்தில் அமினோ அமிலங்களில் ஐசோலியூசின் மட்டும் கொடுத்தாலே கிருமி வளரும் என்று 2006இல் காட்டினார்கள். அதையும் நிறுத்தினால் சாகாது, வளர்ச்சியை மந்தமாக்கிக்கொண்டு கிடக்கும், திரும்பக் கொடுத்தால் எழும் என்று 2012இல் வந்தது. அந்த இரண்டாவது கண்டுபிடிப்பைப் பற்றிக் கீழே மறுபடி பேச வேண்டும்.

இந்தக் கதவு வழியாகத்தான் 2004இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் நுழைந்தார்கள். ஆறு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கனமாக உள்ள ஐசோலியூசினைக் கொடுத்தார்கள். சாதாரண ஐசோலியூசினைவிட அது ஏழு அலகு எடை கூட. ட்ரிப்சின் வெட்டிய ஒரு துண்டில் ஒரு ஐசோலியூசின் இருந்து, அது இரண்டு மின்னேற்றத்தோடு கருவிக்குள் போனால் கருவி வரையும் படத்தில் பழைய துண்டின் உச்சிக்கும் புதிய துண்டின் உச்சிக்கும் இடையே மூன்றரை அலகு இடைவெளி தெரியும். எல்லாத் துண்டிலும் ஐசோலியூசின் இருக்காதே என்று கேட்கலாம். ஃபால்சிபாரத்தின் மரபணுத் தொகுப்பில் எண்பது சதவீதம் ஏ, டி எழுத்துகள். ஐசோலியூசினுக்கான மூன்று குறியீடுகளில் இரண்டு அந்த எழுத்துகளால் மட்டுமே ஆனவை. அதனால் இந்தக் கிருமியின் புரதங்களில் ஐசோலியூசின் தாராளமாகவே இருக்கிறது.

இரண்டு ஐசோலியூசின் உள்ள துண்டுகள் இன்னும் சுவாரசியம். புதிதாகக் கட்டப்பட்ட புரதத்தில் இரண்டும் கனமாக இருக்கலாம், அல்லது ஒன்று கனம் ஒன்று லேசாக இருக்கலாம். கலப்பு எங்கிருந்து வருகிறது? கிருமி தன் பழைய புரதத்தை உடைத்து, அதில் கிடைத்த லேசான ஐசோலியூசினையே மறுபடி போட்டுக் கட்டுவதால். ஒரு மாதிரியில் கனம்-கனம் உச்சி 81, கலப்பு உச்சி 18 என்ற விகிதத்தில் வந்தால், கிருமிக்குள் உள்ள ஐசோலியூசின் இருப்பில் 90 சதவீதம் கனமானது, 10 சதவீதம் பழையது என்று பள்ளிக்கூட நிகழ்தகவுக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். இந்தத் திருத்தம் செய்யாவிட்டால் மறுபயன்பாட்டில் வந்த புரதத்தையெல்லாம் "உடையாமல் இருந்த பழைய புரதம்" என்று எண்ணிவிடுவோம். அரை ஆயுள் உண்மையைவிட நீளமாகத் தெரியும்.

இன்னொரு திருத்தம் இதைவிட அடிப்படை. செல் பெருகிக்கொண்டே இருந்தால் பழைய புரதம் உடையாவிட்டாலும் அதன் பங்கு குறையும், புதியது சேர்வதால். 24 மணியில் பழைய பங்கு பாதியாகக் குறைந்து, அதே 24 மணியில் செல்களும் இரட்டித்திருந்தால் ஒரு மூலக்கூறுகூட உடையவில்லை என்று பொருள். மொத்தக் குறைவு வேகத்திலிருந்து வளர்ச்சி வேகத்தைக் கழித்தால் வருவதுதான் உண்மையான உடைவு வேகம். ஆப்பிரிக்கத் தூக்க நோயின் டிரிப்பனோசோமா போல சீராக இரண்டிரண்டாகப் பிரியும் கிருமியில் இந்தக் கழித்தல் சுலபம். ஃபால்சிபாரம் அப்படிப் பிரிவதில்லை. 48 மணியில் வளையம், தின்னும் கட்டம், பிளவுக் கட்டம் என்று போய் கடைசியில் பதினாறு முதல் முப்பத்திரண்டு குஞ்சுகளாகச் சிதறும். ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு புரதம். ஆகவே முதலில் எல்லாக் கிருமியையும் ஒரே வயதுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு 5 சதவீத சார்பிடால் கரைசலில் சிறிது நேரம் வைப்பார்கள். வயதான கிருமி உள்ள அணுக்கள் வெடித்துவிடும், வளையங்கள் மட்டும் தப்பும். 1979இலிருந்து இதே வைத்தியம்தான். அப்படிச் செய்தாலும் 48 மணிக்கு ஒற்றை எண்ணாக ஒரு அரை ஆயுள் சொல்வதை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். கட்டம் கட்டமாகச் சொன்னால் ஏற்கலாம்.

உயிருள்ள உடம்புக்குள்ளேயே இருக்கும் ஒட்டுண்ணியை அளக்க வேறு வழி, கனநீர். நம் ஊரில் கனநீர் என்றால் கல்பாக்கம் அணுஉலையும் தூத்துக்குடி ஆலையும்தான் நினைவுக்கு வரும். அதே தண்ணீரைச் சிறிதளவு குடிநீரில் கலந்து எலிக்குக் கொடுத்தால், அதில் உள்ள டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்), அமினோ அமிலங்கள் உருவாகும்போது அவற்றிலும், டி.என்.ஏ. உருவாகும்போது அதன் சர்க்கரையிலும் ஏறிவிடும். ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்து அளந்தால் அது எவ்வளவு வேகத்தில் பெருகுகிறது, எவ்வளவு புரதம் கட்டுகிறது என்று தெரிந்துவிடும். மெல்போர்ன் குழுவொன்று தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா மெக்சிகானா என்ற ஒட்டுண்ணியில் இதைச் செய்து 2015இல் வெளியிட்டது. ஊடகத்தில் ஒரு நாளுக்குள் இரட்டிக்கும் அந்தக் கிருமி, எலியின் புண்ணுக்குள் இரட்டிக்க ஏறக்குறைய 12 நாள் எடுத்தது. புரதம், ஆர்.என்.ஏ., சவ்வுக் கொழுப்பு எல்லாவற்றின் தயாரிப்பும் அதற்கேற்பச் சுருங்கியிருந்தது. புண்ணில் கிருமி லட்சக்கணக்கில் இருந்தது, ஆனால் ஏறக்குறைய ஓய்வில் இருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே வராது.

மலேரியாவிலும் இதே ஓய்வுதான் நம் பயம். ஆர்ட்டிமிசினின் (ஆர்ட்டிசுனேட் இந்தக் குடும்பத்து மருந்து) பட்ட வளையங்களில் மிகச் சிறு பங்கு செத்தது போல் சுருங்கிக் கிடந்து, பல நாள் கழித்து மறுபடி வளரத் தொடங்குவது ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஐசோலியூசின் இல்லாதபோது முடங்கிக் கிடந்து எழுந்த கிருமியும் அதே குணத்தின் இன்னொரு முகம். 2014இல் கிருமியின் மருந்து எதிர்ப்புத் திறனோடு தொடர்புபடுத்தப்பட்ட கே13 மரபணு மாற்றமும் கடைசியில் புரதப் போக்குவரத்துக்கே வந்து சேர்கிறது. அந்த மாற்றம் உள்ள வளையங்கள் ஹீமோகுளோபினைக் குறைவாக விழுங்குகின்றன. ஹீமோகுளோபின் செரிக்கும்போது வெளிவரும் ஹீம்தான் ஆர்ட்டிமிசினினைத் தூண்டிவிடுவது. விழுங்கல் குறைந்தால் மருந்தின் வீச்சும் குறையும். மருந்து சிதைத்த புரதங்களை அகற்றுவது கிருமியின் புரோட்டியசோம். ஆகவே புரோட்டியசோமை அடைக்கும் மருந்தைச் சேர்த்தால் ஆர்ட்டிமிசினின் மறுபடி கூர்மையாகிறது என்ற வழியிலும் ஆய்வுகள் போகின்றன.

இதில் எதையும் கிருஷ்ணகிரியில் ஒரு காய்ச்சல் நோயாளிக்குச் செய்ய முடியாது. செய்யவும் தேவையில்லை. கார்டின் கோடு "இருப்பு", நாம் கேட்பது "வேகம்" என்று தெரிந்திருந்தால் போதும், வேகத்தை வேறு வழியில் ஊகிக்கலாம். ஃபால்சிபாரம் உயிரோடு பெருகினால் 48 மணிக்கு ஒருமுறை பல மடங்காகும். ஆகவே ஒரு நாள் இடைவெளியில் மூன்று தடவல் பார்ப்பதே ஏழை லேபின் புரதச் சுழற்சி அளவை.

காய்ச்சலுக்கு என்ன காரணம்?

அன்று மாலை கட்டித் தடவலில் 500 வெள்ளணு எண்ணும் வரை ஒரு கிருமிகூட இல்லை. எங்கள் டெக்னீஷியன் மேடம் பொறுமைசாலி, இரண்டாவது ஸ்லைடையும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். பிளேட்லெட் 92,000, கல்லீரல் நொதிகள் இரு மடங்குக்கு மேல்.

சட்டையைக் கழற்றச் சொன்னோம். ஒன்றும் இல்லை. லுங்கியைத் தளர்த்தச் சொன்னபோது கூச்சப்பட்டார். வலது இடுப்பில் லுங்கி முடிச்சு உட்காரும் இடத்தில், அரை சென்டிமீட்டர் அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், அதே பக்கத்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அவர் அதைப் பார்த்ததே இல்லை. ஸ்க்ரப் டைபஸ், பேப்பர் மொழியில் உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்துப் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல்.

"காட்டுல புல்லு அறுத்தீங்களா?"

"ஆமாங்க சார், சும்மா எத்தனை நாள் உக்காந்திருக்கறது. மாட்டுக்குப் புல்லு இல்லைன்னு அம்மா சொன்னாங்க. ஏரிக்கரையில புதர் ஓரமா நாலஞ்சு நாள் அறுத்தேன்."

மாத்திரை முடிந்து தெம்பு வந்த முதல் வாரத்திலேயே புல் அறுக்கப் போயிருக்கிறார். கடித்ததிலிருந்து காய்ச்சல் வர ஆறு முதல் இருபத்தொரு நாள், பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். கணக்கு ஒத்துப்போகிறது. இந்தக் காய்ச்சலுக்கான எதிரணுவைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா எல்லைக்கோட்டில் வந்தது. காய்ச்சலின் மூன்றாம் நாளில் அப்படி வருவது வழக்கம்தான், எதிரணு எழ இன்னும் நேரம் வேண்டும். பொருக்கு கண்ணால் கண்ட பிறகு எலைசாவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை, இரவு, ஏழு நாள்.

இங்கே ஒரு சிக்கல். டாக்சிசைக்ளின் மலேரியாக் கிருமியையும் தாக்கும். கிருமிக்குள் அபிகோபிளாஸ்ட் என்று ஒரு உறுப்பு இருக்கிறது, அதன் புரதத் தயாரிப்பை அது நிறுத்திவிடும். அப்படியென்றால் காய்ச்சல் இறங்கியதும் "பார்த்தாயா, உண்ணிக் காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட முடியுமா? முடியும், எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைப் பொறுத்து. மலேரியாவில் டாக்சிசைக்ளின் மெதுவான மருந்து. மருந்து பட்ட கிருமி அந்தச் சுற்றை ஒழுங்காக முடித்துவிடும், அடுத்த தலைமுறைதான் ஊனமான அபிகோபிளாஸ்ட்டோடு பிறந்து சாகும். நாலு நாளாவது ஆகும். உண்ணிக் காய்ச்சலில் ஒன்றிரண்டு நாளில் சூடு தணியும். நம் நோயாளிக்கு 36 மணியில் காய்ச்சல் நின்றது.

அடுத்த இரண்டு நாளும் எடுத்த தடவல்கள் சுத்தம். ஒரு வாரம் கழித்து எடுத்த எலைசா தெளிவாகப் பாசிட்டிவ்.

பின்தொடர்தல்

ஓய்வில் கிடக்கும் வளையம் இல்லவே இல்லை என்று பதினேழாம் நாள் யாராலும் சத்தியம் செய்ய முடியாது. டாக்சிசைக்ளினும் அதை இன்னும் சில நாள் மறைத்து வைக்கலாம். அதனால் 28ஆம் நாளோடு நிறுத்தாமல் 42ஆம் நாள் வரை தடவல் பார்த்தோம். எல்லாமே நெகட்டிவ். 31ஆம் நாள் கார்டு போட்டபோது எச்.ஆர்.பி.-2 கோடு மங்கலாக, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவில் இருந்தது. சிகிச்சை முடிவுக்காக இதைப் போடவில்லை, நோயாளி தன் கண்ணால் பார்க்க விரும்பினார். 45ஆம் நாள் கோடு இல்லை. ஹீமோகுளோபின் 12.6.

ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம்: கார்டு முடிவு தகுதிச் சான்றுக்கு ஏற்றதல்ல, நுண்ணோக்கித் தடவல்கள் நெகட்டிவ், வேலைக்கு உடல் தகுதி உண்டு. வேலைக்குக் கூட்டிப்போகும் இடத்தில் கொசுவலையும் தடுப்பு மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். ஆறு வாரத்துக்குள் திரும்பும் பயணம் என்றால் டாக்சிசைக்ளின் தினம் 100 மில்லிகிராம், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் வரை. மூன்று மாத வேலைக்கு அது சரிவராது, வாரம் ஒருமுறை மெஃப்லோகுயின் 250 மில்லிகிராம். வலிப்பு, மனநலச் சிக்கல் இருப்பவருக்கு அது ஆகாது என்பதால், இவரோடு போகவிருந்த மற்ற நால்வரையும் மாத்திரை எழுதுவதற்கு முன் வரச் சொன்னோம். இருவர் வந்தார்கள்.